விட்டுக்கொடுத்த ஐந்து சனிக்கிழமைகள்

நாலாவது வாரமும் தொடர்ந்து ஜெயித்தபோதுதான் சார்ட்டக்காவுக்குச் சந்தேகம் வந்தது. முதல் மூன்று வாரம் சந்தேகமே வரவில்லையே என்று நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வரும்.

பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. நூற்றுப் பன்னிரண்டு வண்டி, முந்நூற்று நாற்பது டிரைவர். எவருக்குக் காலை நாலரை மணி வண்டி கொடுக்கலாம், எவர் அந்த நேரத்துக்கு எழுந்திருக்கவே மாட்டார், எந்த இரண்டு பேரை ஒரே ரூட்டில் போட்டால் அடிதடி வரும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு வண்டிகூட டிரைவர் இல்லாமல் நின்றதில்லை. தலையைச் சொறிந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறவன் வாயைத் திறப்பதற்குள், "வீடு மாத்துற, ஞாயித்துக்கெழம லீவு வேணும், அதானே? எடுத்துக்க. திங்கக்கெழம ரெண்டு ஷிப்ட் பாக்கணும்" என்று அனுப்பிவிடுவாள். சார்ட் போடுகிற அக்கா சார்ட்டக்கா ஆகி, டிப்போவைத் தாண்டி வெளியிலும் அதுவே பெயராகிவிட்டது.

அப்படிப்பட்ட தலைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேறு வேலை. பல் டாக்டருடைய கிளினிக் மதியம் இரண்டு மணிக்கு மூடிவிடும். நாலு மணிக்கு அதே கிளினிக்கின் வரவேற்பறையில் நீள மேஜை போட்டு, நாலு பேர் உட்கார்ந்து விண்வெளியைப் பங்கு போடுவார்கள். டாக்டர் ஏதோ மூடப்போகிற கடையில் வாங்கிய பெட்டி அது. மூடியில் இருந்த பெயரை எவராலும் வாயில் நுழைத்துச் சொல்ல முடியவில்லை. அதனால் 'ஆகாசம்' என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். ஆறு மூலை அட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போலப் பரப்பினால் ஒரு வானம். சில அட்டையில் கோள்கள், சிலவற்றில் எரிகற்கள், சிலவற்றில் வெறும் இருட்டு. ஆளுக்கு ஒரு நிறம், ஆளுக்கு ஒரு சொந்தக் கோள், ஆளுக்கு ஒரு கப்பற்படை. யார் முதலில் பத்துப் புள்ளி எடுக்கிறாரோ அவருக்கு வானம். நடுவில் இருக்கிற பெரிய கோளைப் பிடித்து வைத்திருப்பவருக்குச் சுற்றுக்கு ஒரு புள்ளி. சுற்றுக்கு ஒரு முறை சபை கூடும். அதில் ஓட்டுப் போட்டுச் சட்டம் போடலாம், கூட்டணி சேரலாம், சேர்ந்த கூட்டணியைக் கவிழ்க்கலாம். ஒரு ஆட்டம் முடிய ஐந்து மணி நேரம் ஆகும்.

டாக்டர் சிவப்பு. எதிரியின் கோளைப் பிடிக்கும்போதுகூட, "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பிடிப்பார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர் மஞ்சள். சார்ட்டக்காவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். வாய் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள். நாலாவது ஆள், தெருமுனையில் பூட்டுச் சாவிக் கடை வைத்திருக்கிற பெரியவர். ஒரு சாயங்காலத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் மௌனி. அவர் கறுப்பு. தொலைந்துபோன கறுப்புக் கப்பல்களுக்குப் பதிலாகப் பழைய சாவிகளை வெட்டி வைத்திருந்தார். அந்தச் சாவிகள் பக்கத்தில் வந்து நின்றாலே மற்ற மூன்று பேரும் தங்கள் கப்பல்களை எண்ணிப் பார்ப்பார்கள். சார்ட்டக்கா பச்சை.

ஒன்பது வருஷமாக அந்த மேஜையில் இரக்கம் என்ற ஒன்று இருந்ததே இல்லை. சார்ட்டக்காவின் ஐம்பதாவது பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை வந்தது. கேக் வெட்டி, ஊட்டிவிட்டு, கட்டிப்பிடித்து, அடுத்த சுற்றிலேயே கூட்டணியை முறித்து அவளுடைய பதினோரு கப்பலைக் கொளுத்தினாள் டீச்சர். நாலு நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாவது நாள் சார்ட்டக்காவே போன் செய்து, "நல்லாத்தான்டி அடிச்ச" என்றாள். அதுதான் அந்த மேஜை.

போன மார்ச் மாதம் ஒரு காலையில், சார்ட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது இடது கையில் இருந்த டீ கிளாஸ் நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கிளம்பத் தயாராக நின்ற ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றி, எட்டே நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான் அந்த டிரைவர். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு, சீக்கிரம் வந்ததால் பிழைத்தீர்கள் என்றார்கள். நினைவு தெளிந்ததும் அவள் குழறிக் குழறிக் கேட்ட முதல் கேள்வி, "ஒம்பதாம் நம்பருக்கு யாரு வண்டி எடுத்தா?"

பதினோரு நாள் ஆஸ்பத்திரி, இரண்டு மாதம் வீடு. பேச்சு கொஞ்சம் கொழகொழப்பாக, ஆனால் புரிகிற அளவுக்குத் திரும்பியது. இடது கையில் பலம் பாதிதான். அதற்குள் உலகமே அவளிடம் மெதுவாகப் பேசப் பழகிவிட்டது. தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்த கணவர், காலையில் மூன்று முறையும் மதியத்தில் இரண்டு முறையும் போன் செய்தார். வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் சார்ட் போட்டாள். எட்டாவது நாள் மேனேஜர் எதிரே வந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, "நீங்க ஓய்வா இருக்கணும்க்கா. பொருள் காப்பறையப் பாத்துக்குங்க" என்றார். பஸ்ஸில் பயணிகள் விட்டுவிட்டுப் போகிற சாமான்களை வைக்கும் அறை அது. குடை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, ஒரு முறை ஒரு பல் செட். நாள் முழுக்க அவற்றுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எதிர்ச் சுவரில் வேறொருவன் போட்ட சார்ட் தொங்கும். பற்றிக்கொண்டு வரும். சனிக்கிழமை இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

திரும்பிப் போன முதல் சனிக்கிழமை அவள் ஜெயித்தாள். எழுந்து நின்று கை தட்டினார்கள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையும் வாயும் போனால் என்ன, தலை போகவில்லை! வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒவ்வொரு சுற்றாகச் சொன்னாள். அவரும் முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார். இரண்டாவது வாரமும் ஜெயித்தாள். மூன்றாவது வாரம் ஒன்பது மணி ஆவதற்கு முன்பே ஜெயித்துவிட்டாள்.

நாலாவது வாரம் ஜெயித்துவிட்டு வந்து, வழக்கம்போல நோட்டை எடுத்தாள். ஆடிய ஆட்டத்தையெல்லாம் எழுதிவைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. யார், எந்தச் சுற்றில், எத்தனை கப்பலை, எங்கே நகர்த்தினார் என்பதெல்லாம் டூட்டி சார்ட் போலவே கோடு போட்டு எழுதியிருக்கும். எழுதி முடித்தவள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் நடுக்கோளைக் காவல் இல்லாமல் விட்டதே இல்லாத டீச்சர், நாலு வாரத்தில் ஆறு முறை விட்டிருந்தாள். சபையில் எவருக்கும் ஓட்டுப் போடாத மௌனி, நாலு வாரமும் பச்சைக்கு ஓட்டுப் போட்டிருந்தார். டாக்டர் நாலு ஆட்டத்தில் ஒரே ஒரு சண்டைதான் போட்டிருந்தார், அதுவும் டீச்சரோடு. டிரைவர் பொய்க் காரணம் சொல்லி லீவு கேட்டால் மூன்றாவது மாதம் சார்ட்டே காட்டிக்கொடுத்துவிடும். இதுவும் காட்டிக்கொடுத்தது. படித்துக்கொண்டே போகப்போக அவளுக்குக் காது மடல் சூடாகியது.

ஆனாலும் சார்ட்டக்கா யார்மீதும் வாய்ப்பேச்சாகக் குற்றம் சொன்னதில்லை. ஐந்தாவது சனிக்கிழமை, மூன்றாவது சுற்றில், தன் சொந்தக் கோளில் இருந்த கப்பல் அத்தனையையும் எடுத்து வலது மூலையில் ஒன்றுக்கும் உதவாத எரிகல் கூட்டத்துக்கு நகர்த்தினாள். சொந்தக் கோள் துடைத்துவைத்தாற்போல் காலி. பக்கத்து அட்டையிலேயே டீச்சரின் ஐந்து மஞ்சள் கப்பல். இன்னொரு பக்கம் மௌனியின் மூன்று சாவி. நேற்று ஆட்டம் கற்றுக்கொண்டவன்கூட ஓடிவந்து ஏறி உட்கார்ந்துவிடுவான்.

டீச்சர் பலகையைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். ஐந்து கப்பலையும் எடுத்து எதிர்த்திசையில் வெறும் இருட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

மௌனி, "பாஸ்" என்றார்.

டாக்டர் மின்விசிறியை முதல் முறை பார்ப்பவர் போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சார்ட்டக்கா எழுந்தாள். வலது கையால் மேஜையை ஓங்கி ஒரு அறை. கப்பல்களெல்லாம் துள்ளிக் கவிழ்ந்தன.

"எத்தன வாரமா நடக்குது இது?"

"என்னடி, என்ன ஆச்சு உனக்கு?" என்றாள் டீச்சர். அவள் குரல் முதல் தடவையாக அந்த அறைக்குள்ளேயே நின்றது.

"என் வீட்டு வாசக் கதவத் தெறந்து போட்டு உக்காந்திருக்கேன். நீ அந்தப் பக்கம் காத்து வாங்கப் போற! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஒம்பது… ஒம்பது வருஷமா…" கோபத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. வார்த்தை வரவில்லை. அப்போது மூன்று பேரும் ஒரு காரியம் செய்தார்கள் பாருங்கள், அதுதான் அவளை அடியோடு கொளுத்தியது. மூன்று பேரும் முகத்தை மிருதுவாக வைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள். டீச்சர்! எதிராளி மூச்சு விடும்போதே நாலு வாக்கியம் சொருகுகிற டீச்சர் பொறுமையாகக் காத்திருந்தாள்!

"அப்படிப் பாக்காதீங்கடா என்னை!" என்று கத்தினாள் சார்ட்டக்கா. ஒன்பது வருஷமாக 'டாக்டர், நீங்க' என்று அழைத்தவரையும், அப்பா வயதுப் பெரியவரையும் சேர்த்து 'டா' போட்டுவிட்டாள் என்பது வெகுநேரம் கழித்துத்தான் எல்லோருக்கும் உறைத்தது.

"உக்காருங்க சார்ட்டக்கா. ரத்தக் கொதிப்பு ஏறிடப் போகுது" என்றார் டாக்டர்.

"ஏறட்டும். யார் சொல்லி இப்படிச் செஞ்சீங்க? மூணு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே புத்தி தானா வராது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சர் ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்தாள், நாலாக உடைத்தாள். கடைசியில் மௌனிதான் பேசினார்.

"உன் வீட்டுக்காரர் கடைக்கு வந்தாரு. கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. இந்த ஒரு எடத்துலயாவது அவ தோக்காம இருக்கட்டும்னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலம்மா."

சார்ட்டக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே வந்த டீச்சர் காரில் ஏறச் சொன்னாள். ஏறவில்லை. பஸ்ஸிலேயே போனாள். டிக்கெட் எடுக்க வேண்டாம் என்ற கண்டக்டரிடமும் ஒரு சண்டை.

வீட்டில் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் அவரை 'ங்க' இல்லாமல் பேசியதில்லை. கோபம் வந்தால் அந்த 'ங்க' போகாது, கூராகிவிடும்.

"சாவிக் கடைக்குப் போனீங்களாங்க?"

அவர் கையில் இருந்த துண்டு அப்படியே நின்றது.

"ஆஸ்பத்திரி டாக்டர்தான் டென்ஷன் கூடாதுன்னாரு…"

"டென்ஷன் இல்லாம இருக்கச் சொன்னாராங்க, பொம்மையா இருக்கச் சொன்னாராங்க? இத்தன வாரமா நான் வந்து உங்ககிட்ட இளிச்சு இளிச்சுக் கத சொன்னேனே, நீங்களும் உக்காந்து தல ஆட்டுனீங்களே! உள்ளுக்குள்ள எப்படிங்க இருந்துச்சு?"

"நீ சந்தோஷமா இருந்தியேம்மா."

"அது என் சந்தோஷம் இல்லீங்க. நீங்க மூணு பேருகிட்ட இரந்து வாங்கிட்டு வந்தது."

அவர் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு சொன்னார். "நீ நெஜமா ஆடுனா தோத்துடுவம்மா. எனக்குத் தெரியும். அத நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருப்பேன்?"

"ஏன் தோப்பேன்?"

அவர் அதே துண்டை மடிக்கத் தொடங்கினார். அவள் விடவில்லை. பத்தொன்பது வருஷம் முந்நூற்று நாற்பது டிரைவர்களிடம் உண்மையைக் கறந்தவள். அரை மணி நேரத்தில் எல்லாம் வந்துவிட்டது.

அவளுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை அவ்வப்போது மறந்துவிடுகிறது. இந்த அடைப்பு வந்தவர்களில் சிலருக்கு அப்படி ஆகுமாம், அது அவர்களுக்கே தெரியாதாம். ஆஸ்பத்திரி டாக்டர் டிஸ்சார்ஜ் அன்றைக்கே அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். பயிற்சி இருக்கிறது, ஆனால் முதலில் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இவருக்கு அந்தப் பக்குவமான நேரம் இன்னும் வரவில்லை.

"தட்டுல இடது பக்கம் வெச்சத நீ தொடுறதே இல்ல. நீ தண்ணி குடிக்கிறப்ப நான் தட்டத் திருப்பி வெப்பேன். அப்புறம் சாப்பிடுவ."

சார்ட்டக்காவுக்குக் காலுக்குக் கீழே தரை ஒரு அடி இறங்கியது போல இருந்தது. மூன்று மாதமாகத் தன் தட்டு சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, தனக்குத் தெரியாது! பயம்தான் முதலில் வந்தது. அது போய் ஒரு நிமிஷத்தில் வந்த கோபம் இருக்கிறதே, மேஜையை அறைந்தபோது வந்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"ஊருல இருக்கிற குறையெல்லாம் என்கிட்ட மறைங்க, பரவால்லீங்க. என் குறைய என்கிட்டயே மறைச்சிருக்கீங்க! அது யாருதுங்க? உங்களுதா? என் தலைக்குள்ள இருக்கிறது எனக்குத் தெரியாது, தெருமுனை சாவிக் கடைக்குத் தெரியும்!"

"அவங்ககிட்ட இதச் சொல்லல. விட்டுக்குடுங்கன்னு மட்டும்தான்…"

"ரொம்ப உபகாரம்ங்க."

அந்த வார்த்தையைச் சொன்னபோதே அவளுக்கு இன்னொன்று தட்டியது. டிப்போ. எட்டாவது நாள். மேனேஜர் கைகட்டி நின்றது.

திங்கட்கிழமை காலையில் நேராகப் பழைய சார்ட் அடுக்கிவைக்கிற அலமாரிக்குப் போனாள். திரும்பி வந்த அந்த ஒரு வாரத்தில் தான் போட்ட ஏழு சார்ட்டையும் எடுத்தாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தலையைப் பிடித்து இழுப்பதுபோல் இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடது ஓரத்து இரண்டு பத்தியும் ஏழு நாளும் காலி. நாளுக்குப் பதினொரு பேர். டூட்டி இல்லாமல் வந்து நின்றிருக்கிறார்கள். யாரோ சிவப்பு மையில் நிரப்பியிருந்தார்கள்.

மேனேஜர் அறைக்குள் போய் ஏழு தாளையும் அவர் மேஜைமேல் விரித்தாள்.

"இத ஏன் சார் என்கிட்ட காட்டல?"

மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னுதான்க்கா. இத்தன வருஷம் ஒழச்சவங்க…"

"பதினொரு பேரு விடிகாலையில எழுந்து வந்து வண்டி இல்லாம நின்னிருக்கானுங்க. அவனுங்க மனசு கஷ்டப்படலயா? தப்புப் பண்ணா திட்டணும் சார். போன வருஷம் புதுசா வந்த பையன் ஒரு கட்டத்த விட்டதுக்கு ரெண்டு மணி நேரம் திட்டுனீங்களே. அவனுக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்லயா?"

"இப்ப என்னக்கா செய்யணும்ங்கிறீங்க?"

"திட்டுங்க."

பாவம், அந்த மனிதருக்கு வரவில்லை. "இனிமே… கவனமா இருக்கணும்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"இது திட்டா சார்?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். வாசல் வரை வந்த கணவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாள். "இனிமே என்னைப் பத்தின சேதி எனக்குத்தான் முதல்ல" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் ஒரு தாளைக் கொடுத்து அதிலிருக்கிற நட்சத்திரங்களை எல்லாம் பேனாவால் கோடு போட்டு அடிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தவளிடம் தாளைத் தலைகீழாகச் சுற்றிக் காட்டினார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. அந்தத் தாளை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பயிற்சி எளிதுதான், சலிப்புத்தான் ஜாஸ்தி. எதைப் பார்த்தாலும் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும். அதற்கு அப்புறம்தான் எதையும் படிக்கலாம், எழுதலாம், சாப்பிடலாம். முழுசாகச் சரியாகுமா என்று கேட்டாள். சிலருக்கு ஆகும், சிலருக்கு ஓரளவு ஆகும், இப்போது சொல்ல முடியாது என்றார். மூன்று மாதத்தில் அவளிடம் ஒருவர் மூடி மறைக்காமல் சொன்ன முதல் பதில் அது. வெளியே வந்ததும் அழுதாள். கணவர் ஓடிவந்தார். "மூணு மாசம் போச்சேங்க! மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாமே!" என்றாள். பஸ் ஸ்டாப் வரை இரண்டு பேரும் நடந்தார்கள். வீட்டு வாசலுக்கு வந்தபோது அவர், "நான் செஞ்சது தப்பு" என்றார். "ஆமாங்க" என்றாள். அதற்கு மேல் அந்தக் கணக்கை அவள் அவரிடம் நீட்டவில்லை. ஆனால் பாதியில் மன்னித்துவிட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு சனிக்கிழமை கிளினிக் பக்கம் போகவில்லை. டீச்சர் பதினாறு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை நாலு மணிக்குக் கையில் ஒரு சிவப்பு டேப் சுருளோடு போய் நின்றாள். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க. நான் நோயாளியும் இல்ல, மந்திரியும் இல்ல."

விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். நட்சத்திரத் தாளை மேஜைமேல் வைத்தாள். டீச்சர் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதான் என் நெலம. இது எனக்குத் தெரியும், இப்ப உங்களுக்கும் தெரியும். இந்தப் பக்கம் நான் பாக்கலன்னா அது என் பாடு. 'அக்கா, அங்க பாரு'ன்னு எவராவது சொன்னா, இந்தப் பெட்டிய எடுத்துத் தெருவுல எறிஞ்சுடுவேன். எவராவது ஒரு கப்பல விட்டுக்குடுத்தாலும் எறிவேன். ஒம்பது வருஷமா நீங்க என்ன எதிரியா நெனச்சு நடத்துனதுல இருந்த மரியாத, இந்த நாலு வாரக் கைதட்டல்ல இல்ல. ஆடுறதுன்னா ஆடுங்க."

மேஜையின் இடது ஓரத்தில் டேப்பை நீளமாக ஒட்டினாள். ஒற்றைக் கையால் ஒட்டியதில் கோணலாகப் போயிற்று. எவரும் உதவிக்கு வரவில்லை. வரத் துடித்த டீச்சரின் கையை மௌனி மேஜைக்கு அடியில் பிடித்து வைத்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

ஆட்டம் தொடங்கியது. முதலில் எல்லோரும் தயங்கித் தயங்கித்தான் நகர்த்தினார்கள். இரண்டாவது சுற்றில் மௌனி, பெருமூச்சு விட்டுவிட்டு, இரண்டு சாவியை எடுத்துப் பச்சையின் ஒரு சின்னக் கோள்மேல் வைத்தார். "எனக்குத்தான்" என்றார். சார்ட்டக்காவுக்கு முதுகுத்தண்டில் குளிர்ந்தது. மூன்று மாதத்தில் அவள் இவ்வளவு உயிரோடு இருந்ததில்லை.

ஒவ்வொரு முறையும் சிவப்புக் கோடு வரை தலையைத் திருப்பினாள். கழுத்து வலித்தது. இரண்டு மணி நேரம் ஒழுங்காகத் திருப்பினாள். அப்புறம் வலது பக்கம் டீச்சரோடு பெரிய சண்டை மூண்டது. ஆறு கப்பலுக்கு ஆறு கப்பல். அந்தச் சூட்டில் கோடாவது கீடாவது! டீச்சரின் கடைசிக் கப்பலைத் தூக்கி வெளியே வைத்து நிமிர்ந்தபோது டாக்டர் தொண்டையைக் கனைத்தார்.

"சார்ட்டக்கா, கொஞ்சம் வலிக்கும்."

தலையைத் திருப்பினாள். இடது ஓரம் முழுக்கச் சிவப்புக் கப்பல். மூன்று சுற்றாக ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார். அவள் சொந்தக் கோளின் வாசலில் ஒன்பது கப்பல். ஒரே சுற்றில் சொந்தக் கோள் போயிற்று, அதற்கு அடுத்த சுற்றில் பச்சை என்று வானத்தில் ஒன்றுமே இல்லை.

டாக்டரின் உதடு வெளுத்திருந்தது. சார்ட்டக்கா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படித் தோற்பாள் என்றுதான் கணவர் அழுதிருக்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை.

"மூணு சுத்தா அடுக்குனீங்களா?" என்றாள்.

"மூணு சுத்தா."

"ஒரு ஆளு தலையத் திருப்ப மறக்குற பக்கமாப் பாத்து?"

"நீங்கதான் சொன்னீங்க…" என்று டாக்டர் இழுத்தார்.

"படுபாவி!" என்றாள் சார்ட்டக்கா. "கொலகாரப் படுபாவி! பல்லப் புடுங்குற மாதிரியே புடுங்கிட்டீங்களே!" அவள் குரலில் இருந்ததைக் கேட்டு முதலில் சிரித்தவள் டீச்சர்தான். வெடித்துச் சிரித்தாள். பக்கத்துக் கட்டடத்தில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. "தோத்தாங்குளி! நாலு மாசம் கழிச்சு நெஜமாத் தோத்துட்டடி! போடி, போயி டீ போடு!" தோற்றவர்தான் டீ போட வேண்டும் என்பது அந்த அறையின் பழைய சட்டம். சார்ட்டக்கா மூன்று பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போய், ஒற்றைக் கையால் நாலு கிளாஸ் டீ போட்டாள்.

அதற்கடுத்த ஆறு வாரமும் தோற்றாள். ஒவ்வொரு தோல்வியையும் நோட்டில் எழுதினாள். எந்தச் சுற்றில் தலையைத் திருப்ப மறந்தாள் என்பதற்குத் தனியாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் முதல் வாரம் ஒன்பது, ஏழாவது வாரம் மூன்று.

டிப்போவில் சண்டை இன்னும் முடியவில்லை. நான் சார்ட் போடுகிறேன், இன்னொருவர் சரிபார்க்கட்டும் என்று நாலு கடிதம் எழுதினாள். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்டார்களா என்று வாரத்துக்கு இரண்டு முறை போய் நின்றாள். கடைசியில், வண்டி குறைவாக ஓடுகிற ஞாயிற்றுக்கிழமை சார்ட்டை மட்டும் அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பெரிய மனதோடு செய்ததாக மேனேஜர் சொல்லிக்கொள்கிறார். சார்ட்டக்கா நன்றி சொல்லவில்லை. மீதி ஆறு நாளுக்கு ஐந்தாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

போன சனிக்கிழமை அவள் ஒன்பது புள்ளி எடுத்தாள். இன்னும் ஒன்றே ஒன்று. சபையில் மௌனியோடு கூட்டணி. ஓட்டு எண்ணிக்கை சமமாக வந்தது. சமமானால் யார் பக்கம் தீர்ப்பு என்பதில் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை டாக்டர் ஒரு மாதிரி படிக்கிறார், சார்ட்டக்கா ஒரு மாதிரி படிக்கிறாள். மற்ற இரண்டு பேரும் டாக்டர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள், கூட்டணியில் இருந்த மௌனியும்தான். வானம் டாக்டருக்குப் போயிற்று. சண்டை மாடிப்படியில் இறங்கி, தெருவுக்கு வந்து, பஸ் ஸ்டாப் வரை நீண்டது. அவளைக் கூட்டிப்போக வந்திருந்த கணவர், பத்தடி தள்ளி, பையைச் சுமந்துகொண்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் நின்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குப் பல் டாக்டர் வீட்டில் போன் அடித்தது.

"பதினாலாம் பக்கத்தத் தெறங்க டாக்டர். இடது பக்கம், மேலேருந்து மூணாவது வரி. சத்தமாப் படிங்க. நான் கேக்கறேன்."